கேள்வி–பதில்: விற்பனைக்கு வராத கனவுக் கார்கள்

சென்ற மாத இதழில், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களில் செய்த ஃபயர்பேர்ட் என்ற சோதனைக் கார்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கடிதங்களும் ஒரே பொருளைச் சுற்றியே இருப்பதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கான்செப்ட் கார் என்பது சரியாக எது? விற்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒரு நிறுவனம் எதற்காக இவ்வளவு செலவழித்து ஒரு காரைச் செய்கிறது? இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் யார்?
— வாசகர், திண்டுக்கல்

ஒரு புதிய வடிவத்தையோ பொறியமைப்பையோ கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் சோதிப்பதற்காக ஒன்றோ இரண்டோ மட்டும் செய்யப்படும் காரையே கான்செப்ட் கார் என்கிறார்கள். காகிதத்தில் வரைந்த கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை உலோகத்தில் வளைத்துச் சக்கரங்களின் மேல் நிறுத்தி, நாலு பேர் சுற்றிவந்து பார்த்தால்தான் அதன் நிறைகுறை தெரியும். கண்காட்சியில் வைத்துவிட்டால், மக்கள் அதை விரும்புகிறார்களா, முகம் சுளிக்கிறார்களா என்பதும் தொழிற்சாலையில் பெரும் முதலீடு செய்வதற்கு முன்பே விளங்கிவிடும்.

எது முதல் கான்செப்ட் கார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1933-இல் வால்வோவுக்காகச் செய்யப்பட்ட வீனஸ் பீலோவை முன்வைப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் சுட்டுவது 1938-ஆம் ஆண்டின் ப்யூக் ஒய்-ஜாப்பைத்தான். நானும் அவர்கள் பக்கமே. அதைச் செய்வித்த ஹார்லி ஏர்ல், ஹாலிவுட்டில் வண்டிக் கூடு கட்டும் தொழில் நடத்திய ஒருவரின் மகன். 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்த அவர், காரின் உருவத்தை முழு அளவில் களிமண்ணால் வனைந்து பார்க்கும் முறையை அங்கே நிலைபெறச் செய்தார். ஒய்-ஜாப்பின் ஹெட்லைட்டுகள் வேண்டாதபோது மூடிக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடிகள் மின்சாரத்தால் ஏறி இறங்கும். கூரைத்துணி மடிந்து ஓர் உலோக மூடிக்குள் மறைந்துவிடும். 1938-இல் இவற்றை எல்லாம் ஒரே காரில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஏர்ல் அதை மேடையில் நிறுத்திவிட்டு மறந்துவிடவில்லை. பல ஆண்டுகள் தம் சொந்தக் காராகவே ஓட்டினார்.

பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் ‘மோட்டோரமா’ என்ற பெயரில் ஊர் ஊராகப் பெருங்கண்காட்சிகளை நடத்தியது. 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் நடந்த கண்காட்சியில் ஃபைபர் கிளாஸ் பாடியுடன் நின்ற ஒரு வெள்ளைக் கார், அதே ஆண்டு ஜூன் மாதம் உற்பத்திக்கு வந்தது. முதல் ஆண்டில் 300 கார்களே செய்யப்பட்டன. அதுதான் இன்றுவரை அந்தப் பெயரில் விற்பனையாகும் கார்வெட். கண்காட்சிக் கார் ஒன்று இவ்வளவு விரைவாகத் தெருவுக்கு வந்தது அபூர்வம்.

ஃபயர்பேர்ட் கார்களில் ஜெட் எஞ்சின் இருந்ததாகப் படித்தேன். அவை உண்மையிலேயே ஓடினவா? ஓடின என்றால் அந்த எஞ்சின் ஏன் பரவவில்லை?
— தொழிற்சாலைப் பொறியாளர், ஓசூர்

ஓடின. ஆனால் விமானத்தைப்போல வாயுவைப் பின்னால் பீய்ச்சி, அந்த உந்துதலில் ஓடியவை என்று பலர் எண்ணுகிறார்கள்; அப்படி இல்லை. அவற்றில் இருந்தது வாயு டர்பைன். காற்றை உள்ளிழுத்து அழுத்தி, அதில் எரிபொருளைத் தெளித்து எரித்து, வெளியேறும் சூடான வாயுவால் இறக்கைகள் பொருத்திய சக்கரம் ஒன்றைச் சுழலவைத்து, அந்தச் சுழற்சியைக் கியர்கள் வழியாகப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

1954 மோட்டோரமாவில் வைக்கப்பட்ட முதல் ஃபயர்பேர்ட் ஒருவர் மட்டுமே அமரக்கூடியது. 370 குதிரைத்திறன் கொண்டது. மூக்கு, சிறகு, வால் எல்லாம் போர் விமானத்திலிருந்து எடுத்த வடிவங்கள். அதன் புகைக்குழாயிலிருந்து வெளிவந்த வாயுவின் வெப்பம் ஏறத்தாழ 670 டிகிரி செல்சியஸ். நெரிசலான சாலையில் இப்படியொரு வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்க முடியாது என்பதைப் பொறியாளர்களும் அறிந்தே இருந்தார்கள். அதனால்தான் 1956-இல் வந்த இரண்டாம் ஃபயர்பேர்டில், வெளியேறும் வாயுவின் வெப்பத்தைப் பிடித்து உள்ளே வரும் காற்றைச் சூடாக்கப் பயன்படுத்தும் அமைப்பைச் சேர்த்தார்கள். நான்கு பேர் அமரும் குடும்பக் காராக வடிவமைக்கப்பட்ட அதன் பாடி டைட்டானியத்தால் ஆனது. 1958-இல் உருவான மூன்றாம் ஃபயர்பேர்டில் ஸ்டீயரிங் சக்கரமே கிடையாது. இரு இருக்கைகளுக்கும் நடுவில் இருந்த ஒரே கைப்பிடியை முன்னே தள்ளினால் வேகம், பின்னே இழுத்தால் பிரேக், பக்கவாட்டில் சாய்த்தால் திருப்பம். சாலைக்கு அடியில் புதைத்த மின்கம்பியைப் பின்பற்றித் தானாகவே செல்லும் சோதனையும் அதில் நடந்தது.

டர்பைனைப் பொதுமக்கள் கையிலேயே கொடுத்துச் சோதித்த பெருமை இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிரைஸ்லரைச் சேரும். 1963 முதல் 1966 வரை, இத்தாலியின் கியா (Ghia) பட்டறையில் பாடி கட்டப்பட்ட 50 டர்பைன் கார்களை, அமெரிக்கா எங்கும் 203 குடும்பங்களுக்குத் தலா மூன்று மாதம் இலவசமாக ஓட்டக் கொடுத்தார்கள். சாதாரண எஞ்சினில் இருக்கும் அசையும் பாகங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் அதில் இருந்தது, ரேடியேட்டரும் இல்லை. டீசல், மண்ணெண்ணெய் என்று எரியக்கூடிய எதிலும் ஓடும். மெக்சிகோவில் அந்நாட்டு அதிபர் கேட்டுக்கொண்டபடி டெக்கீலா மதுவை ஊற்றியும் ஓட்டிக் காட்டினார்கள். அதற்கு ஒவ்வாத ஒரே எரிபொருள், அன்று எல்லா பங்க்குகளிலும் கிடைத்துக்கொண்டிருந்த ஈயம் கலந்த பெட்ரோல்தான்.

நீங்கள் பொறியாளர் என்பதால் காரணங்களைச் சற்று விரித்தே சொல்கிறேன். டர்பைன் முழுச்சுமையில் ஓடும்போது திறமையாக இயங்குகிறது. விமானத்துக்கு அது பொருந்துவது அதனால்தான். கார் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் குறைந்த சுமையிலும், சிக்னலில் நின்றபடியும் கழிக்கிறது. அப்போது டர்பைன் எரிபொருளை வீணடிக்கிறது. காலை அழுத்திய பின் சுழற்சி வேகம் கூடி வண்டி நகர ஒரு நொடிக்கு மேலாகிறது. அந்த வெப்பத்தைத் தாங்கும் உலோகக் கலவைகளுக்கும் நுட்பமான கடைசல் வேலைக்கும் ஆகும் செலவு, குடும்பக் காரின் விலைக்குள் அடங்கவில்லை. பின்னர் மாசுக் கட்டுப்பாடு கடுமையானபோது, உயர்வெப்பத்தில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தடையாயின. எஞ்சின் கெட்டுப்போனதால் இந்த முயற்சி நிற்கவில்லை. காருக்கு வேண்டிய இயல்பும் டர்பைனின் இயல்பும் எதிரெதிராக இருந்ததால் நின்றது.

அணுசக்தியில் ஓடும் கார் இருந்தது என்று எங்கள் வகுப்பில் ஒருவன் சொல்கிறான். உண்மையா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

பாதி உண்மை. ஃபோர்டு நிறுவனம் 1958-இல் ‘நியூக்ளியான்’ என்ற பெயரில் ஒரு வடிவத்தை வெளியிட்டது. பின்புறத்தில் சிறிய அணு உலை இருக்கும் என்றும், ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் 5,000 மைல், அதாவது 8,000 கிலோமீட்டர் ஓடும் என்றும் சொன்னார்கள். ஆனால் செய்யப்பட்டது, உண்மையான அளவில் எட்டில் மூன்று பங்கு கொண்ட ஒரு மாதிரி வடிவம்தான். அதற்குள் உலையும் இல்லை, எஞ்சினும் இல்லை. பயணிகளைக் கதிர்வீச்சிலிருந்து காக்கத் தேவையான கவசத்தின் எடையை ஒரு கார் சுமக்க முடியாது. உலையிலிருந்து முடிந்தவரை தள்ளி உட்காரவைக்கத்தான் பயணிகளின் அறையை முன்சக்கரங்களுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டு போனார்கள். படத்தைப் பார்த்தால் அது தெரியும்.

இந்தக் கார்களை இவ்வளவு வியந்து எழுதுகிறீர்களே. பணக்கார நிறுவனங்கள் விளம்பரத்துக்காகச் செய்த ஆடம்பரம் இது. சாமானிய மக்களின் வாழ்க்கையில் இவற்றால் எதுவும் மாறவில்லை. இதில் கொண்டாட என்ன இருக்கிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

தங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது ஐயா. 1955-இல் லிங்கன் ஃப்யூச்சரா என்ற ஒற்றைக் காருக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர் செலவானது. விளம்பர நோக்கமும் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் எதுவும் மாறவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1951-இல் ஏர்ல் செய்வித்த லெ சாபர் காரில், இருக்கைகளுக்கு நடுவே மழைத்துளி பட்டால் கூரை தானாக எழுந்து மூடிக்கொள்ளும் உணர்கருவி இருந்தது. 1956-இன் ப்யூக் செஞ்சூரியனில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பதிலாக வால்பகுதியில் தொலைக்காட்சிக் கேமராவையும் முன்பலகையில் திரையையும் வைத்தார்கள். மழையை உணர்ந்து இயங்கும் வைப்பரும், ரிவர்ஸ் எடுக்கும்போது ஒளிரும் கேமராத் திரையும் இன்று நடுத்தரக் குடும்பங்களின் கார்களிலேயே வந்துவிட்டன.

இன்னும் அழுத்தமான சான்று மெர்சிடிஸ்-பென்ஸின் சி 111. 1969-இல் ஆரஞ்சு நிறத்தில், மேல்நோக்கித் திறக்கும் கதவுகளோடு, பிஸ்டன் இல்லாத வாங்கல் (Wankel) எஞ்சினோடு வந்த அந்தக் காரை வாங்கத் தொகை எழுதாத காசோலைகளை அனுப்பியவர்கள் இருந்தார்கள். நிறுவனம் விற்க மறுத்தது. வாங்கல் எஞ்சின் எரிபொருளை அதிகம் குடித்தது, புகையும் மிகுதி. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அதற்கு எதிர்காலம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதோடு காரைத் தூக்கி எறியாமல், அதே உடலில் டர்போ பொருத்திய ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சினை வைத்து, 1976-இல் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் சாதனைகளைப் படைத்தார்கள். டீசல் என்றால் மந்தம் என்றிருந்த காலம் அது. 1978-இல் அதே நிறுவனம் டர்போ டீசல் பயணிகள் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் உலகெங்கும் டாக்சிகளிலும் வேன்களிலும் டர்போ டீசல் பரவியதில் அந்த ஆரஞ்சு நிறக் காருக்கும் பங்கு உண்டு.

இருந்தாலும், எது பலித்தது என்ற கணக்கை மட்டும் வைத்து இக்கார்களை மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நியூக்ளியானைப்போல வெறும் மாதிரியாக நின்றுவிட்டதையும், உண்மையாக எஞ்சின் வைத்துக் கட்டி, ஓட்டி, அளந்து, எங்கே தவறுகிறது என்று கண்டறிந்த காரையும் நான் ஒரே தட்டில் வைப்பதில்லை. இரண்டாவது வகையில், தோற்ற கார்கூட ஒரு கேள்விக்கு முழுமையான விடை சொல்லிவிட்டுத்தான் தோற்றிருக்கிறது. என் மதிப்பு அந்த உழைப்பின் மேல்தான்.

உங்களுக்கு மிகவும் பிடித்த கார் எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
— கல்லூரி மாணவர், கோவை

ஆல்ஃபா ரோமியோவின் பேட் 7. ட்யூரின் நகரத்து பெர்டோனே பட்டறைக்காக ஃபிராங்கோ ஸ்காலியோனே 1953, 1954, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளில் முறையே பேட் 5, பேட் 7, பேட் 9 என்று மூன்று கார்களை வடிவமைத்தார். மூன்றும் ஆல்ஃபா ரோமியோ 1900 என்ற சாதாரண காரின் அடித்தளத்தில் கட்டப்பட்டவை. எஞ்சினைப் பெரிதாக்காமல், காற்றின் தடையைக் குறைத்தே எவ்வளவு வேகம் பெறலாம் என்பதுதான் அவர் முன் இருந்த கேள்வி. பேட் 5 ஏறத்தாழ 100 குதிரைத்திறனிலேயே மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டியது.

பேட் 7-இன் பின்புறத்தைப் படத்தில் உற்றுப் பாருங்கள். இரு பக்கத்துச் சிறகுகளும் எழுந்து, வளைந்து, உள்நோக்கி ஒன்றையொன்று பார்த்துச் சாய்கின்றன. அவற்றுக்கு நடுவே பின்கண்ணாடி கூரான முதுகெலும்பு ஒன்றால் இரண்டாகப் பிரிகிறது. சக்கரங்கள் மூடப்பட்டிருக்கின்றன. அலங்காரத்துக்காக வைத்த சிறகு என்று முதல் பார்வையில் தோன்றும். ஆனால் காற்று உடலைவிட்டுப் பிரியும்போது சுழித்துப் பின்னிழுக்காமல் இருக்கவே அந்த வளைவு. அதன் காற்றுத்தடை எண் 0.19. இன்றைய மின்சாரக் கார்கள் கணினியும், காற்றைச் செலுத்திச் சோதிக்கும் சுரங்கமும் கொண்டு 0.20-ஐத் தொடுவதையே பெருமையாக அறிவிக்கின்றன. 1954-இல், கையால் தகரம் தட்டும் தொழிலாளர்களை வைத்துக்கொண்டு ஸ்காலியோனே அதற்கும் கீழே போனார். அமெரிக்காவில் அதே காலத்தில் வால்சிறகு வெறும் அலங்காரமாக வளர்ந்துகொண்டிருந்ததை நினைத்தால், இவருடைய சிறகுகளின் நேர்மை எனக்கு இன்னும் உயர்வாகத் தெரிகிறது. மூன்று கார்களும் 2020-இல் நியூயார்க்கில் ஒரே தொகுப்பாக 1.48 கோடி டாலருக்கு ஏலம் போயின.

லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோவுக்குக் கதவே இல்லையாமே, உள்ளே எப்படி ஏறுவது? இப்படிப்பட்ட கார்கள் எல்லாம் இத்தாலியிலிருந்தே வந்தது ஏன்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பக்கவாட்டில் கதவு கிடையாது. பெட்டியின் மூடியைத் தூக்குவதுபோல முன்கண்ணாடியையே மேலே தூக்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டு முன்னே நகர்ந்து வழிவிடும். காரின் மூக்கில் ஒட்டியிருக்கும் ரப்பர் விரிப்பின் மேல் கால் வைத்து ஏறி, திரும்பி, ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கைக்குள் இறங்க வேண்டும். காரின் மொத்த உயரமே 84 சென்டிமீட்டர்தான். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிடச் சிறிதளவே உயரம்.

1970 ட்யூரின் கண்காட்சிக்காக இதை வரைந்தவர் பெர்டோனேவின் மார்ச்செல்லோ காந்தினி. அப்போது இத்தாலியக் கார் நிறுவனமான லான்சியாவின் ஆர்டர்களைப் பெற வேறு பட்டறைகளோடு போட்டி இருந்தது. பட்டறை முதலாளி நுச்சோ பெர்டோனே இந்தக் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு லான்சியா தலைமையகத்துக்குப் போனதாகவும், வாசலில் இருந்த தடுப்புக் கம்பத்தைத் தூக்கச் சொல்லாமல் அதன் அடியிலேயே நுழைந்து சென்றதாகவும் சொல்வார்கள். அந்தச் சந்திப்பின் வழியே பிறந்த ஸ்ட்ராடோஸ் எச்.எஃப். கார் 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளும் உலக ராலி சாம்பியன் பட்டத்தை வென்றது. பார்வைக்கு ஜீரோவுக்கும் அதற்கும் பெரிய ஒற்றுமை இல்லை. ஆனால் ஜீரோ இல்லாமல் எச்.எஃப். இல்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை தொழிலின் அமைப்பில் இருக்கிறது. முன்பெல்லாம் கார் நிறுவனம் சேஸிஸை மட்டும் கொடுக்கும். வாங்குபவர் தமக்குப் பிடித்த பட்டறையில் பாடி கட்டிக்கொள்வார். அந்த வழக்கத்தில்தான் பெர்டோனே, பினின்ஃபரினா, கியா போன்ற ட்யூரின் பட்டறைகள் வளர்ந்தன. பாடியும் சேஸிஸும் ஒன்றாகவே கட்டப்படும் கார்கள் வந்தபின், தனி ஆளுக்குக் கட்டிக்கொடுக்கும் தொழில் சுருங்கியது. இனி பெரிய நிறுவனங்களிடம் வடிவமைப்பு வேலையைப் பெற்றால்தான் பிழைப்பு. ஒவ்வோர் ஆண்டும் ட்யூரினிலும் ஜெனீவாவிலும் பாரிஸிலும் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்கும் ஒரு காரை நிறுத்துவதே அவர்களுடைய விண்ணப்பம். எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் போனதும் முன்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாழ்த்தலாம் என்ற வசதி கிடைத்தது. 1968-இல் காந்தினியின் காராபோ கத்தரிபோல மேலே எழும் கதவுகளுடன் பாரிஸில் நின்றது. 1970 ஜெனீவாவில் பினின்ஃபரினாவுக்காகப் பாவ்லோ மார்ட்டின் வரைந்த ஃபெராரி மோடுலோ 93.5 சென்டிமீட்டர் உயரத்தில், கூரை முழுவதும் முன்னோக்கி நழுவித் திறக்கும்படி வந்தது. போட்டி இல்லாவிட்டால் இவற்றில் ஒன்றுகூடப் பிறந்திருக்காது.

ஒவ்வொன்றும் ஒன்றிரண்டுதான் செய்யப்பட்டன என்பது புரிகிறது. ஆனால் செய்தவற்றிலும் பல இன்று இல்லையே, ஏன்?
— மெக்கானிக், திருப்பூர்

பெரும்பாலும் செய்தவர்களே அழித்தார்கள். கண்காட்சி முடிந்தால் கார் பழையதாகிவிட்டது. அடுத்த ஆண்டுக்கான கார் தயாராகிவிட்டது. சோதனைக்காகச் செய்த வண்டியை விற்றால், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யார், உதிரிபாகம் யார் கொடுப்பது என்ற சிக்கல்கள் வரும். வைத்திருந்தால் இடம் அடைக்கும். ஆகவே காயலான் கடை. கிரைஸ்லரின் டர்பைன் கார்கள், முதலில் செய்த முன்மாதிரிகளையும் சேர்த்து, மொத்தம் 55. சோதனை முடிந்தபின் 46 அழிக்கப்பட்டு ஒன்பதே மிஞ்சின.

கடலில் போனதும் உண்டு. கிரைஸ்லருக்காகக் கியா பட்டறையில் கட்டப்பட்ட நார்ஸ்மன் என்ற காரின் கூரை, முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் தூண் இல்லாமல், பின்பக்கத்திலிருந்தே நீண்டு நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதை ஏற்றிவந்த ஆண்ட்ரியா டோரியா கப்பல், 1956 ஜூலை 25 இரவு நான்டக்கெட் தீவுக்கு அப்பால் ஸ்டாக்ஹோம் என்ற கப்பலுடன் மோதி மறுநாள் காலையில் மூழ்கியது. பொதுமக்கள் ஒருவரும் அந்தக் காரை நேரில் பார்க்கவே இல்லை.

தப்பிய கதையும் சொல்ல வேண்டும். 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் சில மோட்டோரமா கார்களை நொறுக்கும்படி மிச்சிகனில் உள்ள ஒரு காயலான் கடைக்கு அனுப்பியது. கடைக்காரர் முழுமையாக நொறுக்காமல் ஓரமாகப் போட்டு வைத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1980-களின் இறுதியில், இல்லினாய் மாநிலத்துச் சேகரிப்பாளர் ஜோ போர்ட்ஸ் அங்கே போய் நான்கு கார்களை வாங்கினார். அவற்றில் 1955-இன் செவர்லே பிஸ்கெய்ன் பல துண்டுகளாக அறுக்கப்பட்டிருந்தது. துண்டுகளைப் பொருத்தி, ஃபைபர் கிளாஸை ஒட்டி, அதை மறுபடி காராக நிறுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மெக்கானிக்கான உங்களுக்கு அந்த வேலையின் அருமையை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. உதிரிபாகப் பட்டியல் இல்லை, வரைபடம் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க உலகில் இன்னொரு கார் இல்லை. பழைய கண்காட்சிப் புகைப்படங்களே வழிகாட்டி.

மேலே சொன்ன லிங்கன் ஃப்யூச்சராவின் கதை வேறு மாதிரி. ஜார்ஜ் பாரிஸ் என்பவர் ஒரு டாலருக்கு அதை வாங்கி, 1966-இல் தொலைக்காட்சித் தொடருக்காகப் பேட்மேனின் காராக மாற்றினார். 2013-இல் அது 46 லட்சம் டாலருக்கு விலைபோனது. உலகப்புகழ் பெற்றுவிட்டது, ஆனால் முத்து வெள்ளை நிறத்தில் இருந்த மூல வடிவம் போய்விட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பழைய கான்செப்ட் கார் ஏதாவது, தான் செய்வதாகச் சொன்னதைப் பின்னாளில் செய்து காட்டியிருக்கிறதா?
— வாசகி, சிங்கப்பூர்

செய்திருக்கிறது, அதுவும் 40 ஆண்டுகளுக்கு மேல் கழித்து. இங்கிலாந்தின் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்துக்காக வில்லியம் டவுன்ஸ் வடிவமைத்த புல்டாக் 1980-இல் வெளியிடப்பட்டது. கோணங்களும் சமதளங்களுமாக, வளைவு என்பதையே காணமுடியாத உடல். மூக்கின் நடுவில் ஒரு தகடு கீழே இறங்கினால் வரிசையாக ஐந்து விளக்குகள் வெளிப்படும். கதவைத் திறந்தால் காரின் பக்கவாட்டு முழுவதும், அடிப்பகுதியோடு சேர்ந்து, மேலே எழும். இரட்டை டர்போ பொருத்திய 5.3 லிட்டர் வி8 எஞ்சின். மணிக்கு 200 மைல், அதாவது 322 கிலோமீட்டரை எட்டுவதே குறிக்கோள். ஆனால் அன்றைய சோதனைகளில் 191 மைலைத்தான் தொட முடிந்தது. 25 கார்கள் செய்வதாக இருந்த திட்டத்தை, நிறுவனத்தின் பொறுப்பை ஏற்ற விக்டர் காண்ட்லெட் செலவைக் கருதி 1981-இல் கைவிட்டார். செய்த ஒரே காரும் விற்கப்பட்டு நாடு நாடாகக் கைமாறியது.

பின்னர் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஃபிலிப் சரோஃபிம் அதை வாங்கி, இங்கிலாந்தின் பிரிட்ஜ்நார்த் ஊரில் உள்ள பட்டறை ஒன்றில் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் புதுப்பித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்காக இவ்வளவும் செய்யவில்லை. 2023 ஜூன் 6 அன்று, ஸ்காட்லாந்தின் கேம்பெல்டவுன் விமான ஓடுபாதையில், பந்தய ஓட்டுநர் டேரன் டர்னர் அதை மணிக்கு 205.4 மைல், அதாவது 330 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் பெயின்ட்டோடும் தோலுறையோடும் நின்றுவிடுகிறார்கள். அந்தக் கார் எதற்காகப் பிறந்ததோ அதை முடித்துக் கொடுத்த இந்த முயற்சியையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அழிந்துபோன காரைப் புதிதாகச் செய்து நிறுத்தினால் அது பழைய கார் ஆகுமா? லம்போர்கினி அப்படிச் செய்ததாகக் கேள்விப்பட்டேன்.
— ஓவியர், புதுச்சேரி

1971-இல் ஜெனீவாவில் மஞ்சள் நிறத்தில் நின்ற கவுன்டாஷ் எல்பி 500-ஐக் குறிப்பிடுகிறீர்கள். அதுவும் காந்தினியின் கைவண்ணம். உற்பத்திக்கு அனுமதி பெறுவதற்காக 1974-இல் மோதல் சோதனையில் அந்த ஒரே காரையும் பலிகொடுத்தார்கள். ஒரு சேகரிப்பாளர் கேட்டுக்கொண்டதன்பேரில், லம்போர்கினியே பழைய படங்களையும் ஆவணங்களையும் வைத்து 25,000 மணிநேரத்துக்கு மேல் உழைத்து 2021-இல் அதை மறுபடி செய்தது. டயர்களைக்கூடப் பிரெல்லி நிறுவனம் தன் ஆவணங்களைப் பார்த்து அதே வடிவில் வார்த்துக் கொடுத்தது.

அது பழைய கார் ஆகாது என்பதே என் கருத்து. 1971-இல் அதைச் செய்தவர்களுக்கு விடை தெரியாது. 2021-இல் செய்தவர்களுக்கு விடை முன்னமே தெரியும். ஆனால் ஏமாற்றும் நோக்கமின்றி, மறு உருவாக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லி வைத்திருப்பதால் அதில் குறைகாண மாட்டேன். படத்தில் மட்டுமே பார்த்த ஒரு வடிவத்தின் உண்மையான அளவையும், அதன் மேல் ஒளி விழும் விதத்தையும் நேரில் பார்க்கும் வாய்ப்பு ஓவியரான உங்களுக்குப் பெரிதாகத்தானே இருக்கும்?

மகன் டெட்ராய்ட் அருகே வேலை பார்க்கிறான். வரும் கோடையில் அங்கே செல்லவிருக்கிறேன். இத்தகைய கார்களை எங்கே பார்க்கலாம்?
— வாசகர், திருச்சி

சரியான இடத்துக்குத்தான் போகிறீர்கள். டெட்ராய்டை ஒட்டிய டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். கிரைஸ்லர் டர்பைன் கார்களில் தப்பிய ஒன்றும், நியூக்ளியானின் மாதிரியும் அதன் சேகரிப்பில் உள்ளவை. வடக்கே ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணத்தில் உள்ள ஃபிளின்ட் நகரத்து ஸ்லோன் அருங்காட்சியகத்திடம் ப்யூக் செஞ்சூரியன் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் இவற்றை அடிக்கடி வேறு கண்காட்சிகளுக்கு அனுப்புவதும் கிட்டங்கிக்கு மாற்றுவதும் வழக்கம் என்பதால், புறப்படுவதற்கு முன் இன்னின்ன கார் பார்வைக்கு உள்ளதா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

ஐரோப்பா செல்லும் வாசகர்களுக்காக இதையும் சேர்க்கிறேன். மிலானுக்கு அருகில் அரேசேயில் உள்ள ஆல்ஃபா ரோமியோ அருங்காட்சியகத்தில் காராபோ இருக்கிறது. பெர்டோனே நிறுவனம் 2014-இல் திவாலானபோது சிதறிப்போக இருந்த 79 வண்டிகளை இத்தாலியப் பழங்கார்ச் சங்கம் மொத்தமாக வாங்கிக் காப்பாற்றியது. மால்பென்சா விமான நிலையத்தை ஒட்டிய வோலாண்டியா அருங்காட்சியகத்தில் அவை வைக்கப்பட்டிருக்கின்றன. சி 111-க்கு ஸ்டுட்கார்ட். ஜப்பானில் 1970-இன் மாஸ்டா ஆர்எக்ஸ் 500-ஐப் பார்க்க ஹிரோஷிமா நகரப் போக்குவரத்து அருங்காட்சியகம்.

டியர்பார்னில் டர்பைன் காரைப் பார்க்கும்போது முன்பக்கத்தோடு நின்றுவிடாமல் பின்னால் போய்ப் பாருங்கள். பின்விளக்குகளையும் பம்பரையும் ஜெட் எஞ்சினின் வாய்போல வார்த்திருக்கிறார்கள். உள்ளே இருக்கைகளுக்கு நடுவே முன்பலகையிலிருந்து பின்னிருக்கை வரை ஓடும் உருளை வடிவத் தடுப்பையும் கண்ணாடி வழியாகக் குனிந்து பாருங்கள். படம் எடுக்க முடிந்தால் எங்களுக்கும் அனுப்புங்கள். வாசகர் பக்கத்தில் வெளியிடுகிறோம்.